சுப்பையா சாலை: யார் இந்தச் சுப்பையா?



தவளக்குப்பம் சந்திப்பில் பஸ் ஏறி டவுனுக்குப் போகும் வழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். சுண்ணாம்பாற்றுப் பாலம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை. அதற்கப்புறம் பூட்டிக் கிடக்கும் ரோடியர் ஆலை. அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தால் இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றும். கேட்டைத் தாண்டினால் ரயில் நிலையத்தை ஒட்டிப் போகும் சாலை. பழைய ஆட்கள் இன்னும் ‘சவுத் புல்வார்’ என்பார்கள். பலகையில் எழுதியிருப்பது ‘சுப்பையா சாலை’.

போன மாதம் என் பேரன் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, “யார் தாத்தா இந்தச் சுப்பையா?” என்று கேட்டான். “எம்.எல்.ஏ.வா இருந்தவர்டா” என்றேன். “எம்.எல்.ஏ.ன்னா ரோட்டுக்குப் பேரு வெப்பாங்களா?” என்றான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வீட்டுக்கு வந்தபின் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவில் நம் சங்கத்துக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

பிரெஞ்சுக் கொடியின் கீழ் மூன்று ஆலைகள்

நம்மில் பாதிப் பேர் வேலைக்காகவோ ஓய்வுக்காகவோ வெளியூரிலிருந்து வந்து இங்கே வீடு வாங்கியவர்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 வரை புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. நாம் குடியிருக்கும் இந்தப் பகுதி அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்தது. தெற்கே கடலூர் பிரிட்டிஷ் இந்தியா. இன்று பைக்கில் அரை மணியில் போய்வரும் தூரத்துக்குள் இரண்டு அரசாங்கம், இரண்டு சட்டம், இரண்டு போலீஸ்.

அந்தக் காலத்துப் புதுச்சேரிக்குச் சோறு போட்டவை பஞ்சாலைகள். 1898-ல் தொடங்கிய ரோடியர் ஆலை, பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று நாம் அறிந்தது. சவானா ஆலை பிறகு சுதேசி மில் ஆனது. கெப்ளே ஆலை பாரதி மில் ஆனது. சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் விடியும் முன்பே சங்கொலி கேட்டு நடந்து போய் வேலை செய்தார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள். வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை, சங்கம் அமைக்க உரிமை இல்லை. பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளிக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு, அதே பிரெஞ்சுக் கொடி பறந்த இந்த ஊர்த் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஊரில்தான் 1911 பிப்ரவரி 7-ல் வரதராஜுலு கைலாச சுப்பையா பிறந்தார்.

சேவையிலிருந்து சங்கத்துக்கு

சுப்பையா முதலில் தொட்டது தொழிற்சங்கத்தை அல்ல. இருபது வயது தாண்டிய இளைஞராக, தீண்டாமைக்கு எதிரான ஹரிஜன சேவைப் பணியில் இறங்கினார். 1934 பிப்ரவரியில் காந்தி புதுச்சேரிக்கு வந்தார். அந்த வருகைக்குப் பின்னால் இருந்த இளைஞர்களில் சுப்பையா முக்கியமானவர். அதே ஆண்டு ஜூன் மாதம் ‘சுதந்திரம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பிரெஞ்சு ஆட்சிக்குள் இருந்துகொண்டு, அந்தப் பெயரில் பத்திரிகை நடத்துவதற்குத் துணிச்சல் வேண்டும்.

சேரிகளுக்குப் போய் வந்தவருக்கு ஒன்று புரிந்தது. அங்கே இருந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள். பள்ளிக்கூடம் வைத்தாலும் இரவு வகுப்பு நடத்தினாலும், விடிவதற்கு முன் போய் இருட்டியபின் திரும்புகிறவர் எந்த நேரத்தில் வந்து படிப்பார்? பிள்ளையை எப்போது பார்ப்பார்? நேரம் கையில் இல்லாதவருக்கு வேறு எதைக் கொடுத்தாலும் அது போய்ச் சேராது. சென்னையில் கம்யூனிஸ்ட் தலைவர்களோடு ஏற்பட்ட பழக்கமும் சேர்ந்து, சுப்பையாவை ஆலை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. 1935-ல் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவருக்கு அப்போது 24 வயது.

1936 ஜூலை 30

1936-ல் பிரான்ஸ் நாட்டில் பெரிய மாற்றம். இடதுசாரிக் கட்சிகளின் மக்கள் முன்னணி தேர்தலில் வென்று, லியோன் பிளும் பிரதமரானார். ஜூன் மாதமே அங்கே தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. அந்தச் செய்தி கப்பலில் இங்கேயும் வந்து சேர்ந்தது. ‘அங்கே 40 மணி நேரம், இங்கே நமக்கு?’ என்று ஆலைத் தொழிலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பதில் துப்பாக்கியில் வந்தது. 1936 ஜூலை 30 அன்று, சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று தொழிற்சங்கத்தினர் கொடியோடு ஊர்வலமாகப் போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். “என்னங்க, இன்னிக்கும் டிராஃபிக்கா?” என்று சலித்தும் இருக்கலாம். நானும் சலித்திருக்கிறேன். அந்த ஊர்வலம் இந்தப் 12 பேருக்காக.

பாரிசுக்குப் போன புகார்

சுட்ட சத்தம் பாரிஸ் வரை கேட்டது. மக்கள் முன்னணி ஆட்சிக்கே இது தலைக்குனிவு. சென்னை மாகாணத்திலிருந்து தொழிற்சங்கத் தலைவர் வி.வி. கிரி புதுச்சேரிக்கு வந்து பேச்சுவார்த்தையில் உதவினார். பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான அதே கிரிதான். அக்டோபரில் நேரு வந்து தொழிலாளர் தலைவர்களைப் பார்த்தார்.

1937-ல் சுப்பையா பிரான்ஸ் நாட்டுக்குக் கப்பலேறினார். அப்போது அவர் எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்ல, எந்தப் பதவியும் இல்லை. 26 வயது இளைஞர், ஆலைத் தொழிலாளர்களின் சார்பில் போய், குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சகத்தின் கதவைத் தட்டினார்.

1937 ஏப்ரல் 6-ல் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்ட ஆணை பிறந்தது. நாளுக்கு 8 மணி நேர வேலை, தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை. ஆசியாவிலேயே முதல் முறை என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். ஆசியா வரை போக வேண்டாம், பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டாலே போதும். அப்போது கடலூரில் நடைமுறையில் இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அது ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. அங்கே அது 48 மணி நேரமாகக் குறைந்தது 1946-ல்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த தொழிலாளிக்கு, அந்தப் பக்கம் இருந்தவரைவிட வாரத்துக்கு 6 மணி நேரம் முன்னதாகவே கிடைத்துவிட்டது, அதுவும் சுமார் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே.

வாரத்துக்கு 6 மணி நேரம் என்றால் என்ன? பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடும் ஆறு இரவுகள். அந்த நேரத்துக்கு விலை கொடுத்தவர்கள்தான் அந்தப் 12 பேர்.

பாரிஸ் மேலவையில் ஓர் ஊர்க்காரர்

இனி அவருடைய சட்டமன்ற வாழ்க்கைக்கு வருவோம். போர்க்காலத்தில் சுப்பையாவுக்குச் சிறையும் வெளியேற்ற ஆணையும் மாறி மாறி வந்தன. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தால் பிரெஞ்சு அரசு விரட்டியது, எல்லை தாண்டினால் பிரிட்டிஷ் அரசு பிடித்தது.

போர் முடிந்ததும் வாக்குரிமை விரிந்தது. ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு. 1946 டிசம்பரில் 44 பேர் கொண்ட பிரதிநிதி சபைக்குத் தேர்தல் நடந்தது. சுப்பையாவின் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து அமைத்த தேசிய ஜனநாயக முன்னணி பெரும்பான்மை பெற்றது. அதைத் தொடர்ந்து 1947-ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவைக்கு, அதாவது பாரிஸ் லுக்சம்பூர் மாளிகையில் கூடும் குடியரசு மன்றத்துக்கு, பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் மனு கொடுக்கப் போன ஊருக்கு, இப்போது உறுப்பினராகப் போனார்.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1948-ல் அந்தப் பதவி முடிந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்ட பிறகு, பிரெஞ்சிந்தியா யாரோடு என்ற கேள்வி சூடாகிவிட்டது. பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் தன்னாட்சியா, இந்தியாவோடு இணைப்பா என்பதில் சுப்பையாவின் கட்சி 1940களில் எடுத்த நிலைப்பாட்டைக் காங்கிரஸ்காரர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பிறகு அவரும் இணைப்பின் பக்கம் உறுதியாக நின்றார். ஆனால் அதற்குள் ஊரில் அடியாள் அரசியல் தலைவிரித்தாடத் தொடங்கியிருந்தது. வாக்குப் பெட்டிகள் நிரப்பப்படும் விதம் பற்றி அன்றைய புதுச்சேரியில் தெரியாதவர்கள் இல்லை. 1950 ஜனவரியில் சுப்பையாவின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் எல்லை தாண்டி இந்தியப் பகுதிக்குப் போக வேண்டியதாயிற்று.

எண்ணிப் பாருங்கள். மேலவை உறுப்பினராகப் பாரிசில் உட்கார்ந்தவர், சில ஆண்டுகளில் சொந்த ஊரில் காலடி வைக்க முடியாதவரானார். பதவி ஒரு மனிதருக்கு எவ்வளவு பாதுகாப்புத் தரும் என்பதற்கு இது நல்ல பாடம்.

எண்ணிக்கை குறைந்தது, வேலை குறையவில்லை

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சுப்பையா ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் எதிர்க்கட்சி வரிசையில் கழிந்தது. பிரதிநிதி சபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். 1959 தேர்தலில் மொத்தம் 39 இடங்களில் அவர் தலைமையிலான மக்கள் முன்னணி 13 இடங்களைப் பிடித்தது. 1963 ஜூலை 1-ல் பிரதிநிதி சபை சட்டமன்றமாக மாறியது. 30 இடங்கள் கொண்ட அந்தச் சட்டமன்றத்துக்கு 1964-ல் நடந்த முதல் தேர்தலில் மக்கள் முன்னணிக்கு 4 இடங்கள்தான். 1969-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 3 இடங்கள்.

அந்த 3 இடங்களோடுதான் ஆட்சியில் பங்கு கிடைத்தது. 15 இடங்களில் வென்ற தி.மு.க. கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. எம்.ஓ.எச். பாரூக் முதலமைச்சர், சுப்பையா அமைச்சர். 13 பேரோடு எதிரே உட்கார்ந்திருந்த காலத்தில் வராத அதிகாரம், 3 பேரோடு இருந்தபோது வந்தது. அரசியல் கணக்கு நம் பராமரிப்புக் கட்டணக் கணக்கைப் போல நேர்க்கோட்டில் போவதில்லை.

அந்த ஆட்சிக் காலத்தில் வந்த சட்டங்களைப் பாருங்கள். பயிரிடும் குத்தகைதாரரை நிலத்திலிருந்து வெளியேற்றாமல் காக்கும் 1970-ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்துக்கு உச்சவரம்பு வைத்த 1973-ஆம் ஆண்டுச் சட்டம். இன்னொன்றின் பெயர் நம் சங்கத்தாருக்குப் பிடிக்கும்: குடியிருப்பில் இருப்போருக்கு உரிமை வழங்கும் சட்டம், 1973. ‘குடியிருப்பு’ என்ற தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சட்டத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு 1971-ல் இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது.

அந்தச் சட்டத்தில் குடியிருப்பு என்றால் லிஃப்ட், ஜெனரேட்டர், மூடிய கார் நிறுத்தம் அல்ல. நிலக்காரர் மண்ணில் விவசாயக் கூலி போட்டிருந்த குடிசை. கூலி உயர்வு கேட்டால் மறுநாள் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலை இருந்தது. வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருந்தால் வாய் திறக்க முடியுமா? குடிசை நின்ற அந்தத் துண்டு மண்ணை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்கியது அந்தச் சட்டம். பாகூர் பக்கமும் நம் பக்கமும் வயல்வெளிகளாக இருந்த காலத்தில் இது எத்தனை குடும்பங்களுக்கு நிம்மதி தந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் சுப்பையா தனியாகச் செய்தார் என்று எழுதினால் தவறாகிவிடும். சட்டம் என்பது ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, அதிகாரிகள், தெருவில் நின்ற மக்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர். ஆனால் தேரை யார் எந்தத் திசையில் இழுத்தார் என்று கேட்கலாம். சேரியில் தொடங்கி, ஆலை வாசலுக்குப் போய், வயல் வரப்பு வரை அவர் இழுத்த திசை ஒன்றுதான்.

அவருடைய துணைவியார் சரஸ்வதி சுப்பையாவும் பொதுவாழ்வில் அவரோடு நின்றவர். கடைசிக் காலத்தில் பிரெஞ்சிந்திய விடுதலை வரலாற்றையும் தம் வாழ்க்கையையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார் சுப்பையா. அது 1990-ல் வெளிவந்தது. 1993 அக்டோபர் 12-ல் காலமானார். ‘மக்கள் தலைவர்’ என்ற அடைமொழியோடுதான் ஊர் இன்றும் அவரைக் குறிப்பிடுகிறது.

பேரனுக்குச் சொன்ன பதில்

சாலைக்குப் பெயர் வைப்பது எம்.எல்.ஏ.வாக இருந்ததற்காக அல்ல என்று என் பேரனிடம் சொன்னேன். இந்த ஊர் எத்தனையோ எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பார்த்துவிட்டது. சுப்பையாவின் பெயர் நிற்பதற்கு முதல் காரணம், அவர் எந்தச் சபையிலும் உறுப்பினராகாத காலத்தில் பிறந்த ஒரு சட்டம். பதவி பிறகு வந்தது, போனது, மறுபடி வந்தது. 8 மணி நேரம் மட்டும் போகவில்லை.

“அப்போ இப்போ எல்லாரும் எட்டு மணி நேரம்தான் வேலை செய்றாங்களா தாத்தா?” என்று கேட்டான்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

நம் வாயிலில்

நம் வாயிலில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் ரோடியர் ஆலையில் தறி ஓட்டியவர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது ஆலை பெரும் சேதம் அடைந்தது. அதற்குப் பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2020 ஏப்ரல் 30-ல் முறையாக மூடப்பட்டது. அதே ஆண்டில் சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. யாருடைய வேலை நேரத்துக்காக 12 பேர் உயிர் கொடுத்தார்களோ, அந்த ஆலைகளே இன்று இல்லை.

ஒரு நாள் காலை நடைப்பயிற்சிக்குக் கிளம்பும்போது அவரிடம் நின்று பேசினேன். “மில்லுல மூணு ஷிஃப்ட் சார். எட்டு மணி நேரம் முடிஞ்சா சங்கு ஊதிடும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நின்னாலும் அது ஓ.டி.” என்றார். “இங்க எத்தனை மணி நேரம்ணே?” என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. அவர் வாயால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. “ராத்திரி ஏழுலேருந்து காலைல ஏழு” என்று சிரித்தார்.

நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். 1934-ல் பிரிட்டிஷ்காரன் போட்ட சட்டமே 54-க்கு மேல் கூடாது என்றது. ஆலைத் தறியும் வாயில் நாற்காலியும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இரவு 2 மணிக்கு ஆம்புலன்ஸுக்குக் கதவு திறக்க வேண்டிய கண்கள் 7 மணியிலிருந்து விழித்திருக்கும் கண்கள். நம் பாதுகாப்பையே கணக்கில் எடுத்துப் பாருங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். “எட்டு மணி நேரமா மாத்தினா நல்லதாண்ணே?” உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சம்பளத்தைக் குறைச்சிடுவாங்களே சார்” என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. 1936-லும் தொழிலாளர்களின் பயம் இதுவாகத்தான் இருந்திருக்கும். நேரம் குறைந்தால் கூலியும் குறையும் என்றால் அது உரிமையல்ல, தண்டனை.

நம் வீட்டுப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் இரவு 11 மணிக்கும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்! 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் அரசு அதைத் திரும்பப் பெற்றது. 8 மணி நேரம் என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை அல்ல என்று அப்போது புரிந்தது. யாராவது காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு கேள்வி

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாயிலுக்கு 24 மணி நேரமும் ஆள் வேண்டும். 12 மணி நேர முறையில் 2 பேர், 8 மணி நேர முறையில் 3 பேர். ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் குறைக்காமல் மாற்றினால் காவலுக்கான செலவு ஒன்றரை மடங்காகும். பராமரிப்புக் கட்டணம் கொஞ்சம் கூடும். இதை மறைத்துவிட்டு நல்லது செய்வோம் என்று பேசுவது நேர்மையல்ல. ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

எனவே அடுத்த பொதுக்குழுவில் மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று செயலாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

ஒன்று, காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் இப்போது உண்மையில் எத்தனை மணி நேர வேலை, கைக்கு எவ்வளவு வருகிறது, வாராந்திர விடுமுறை உண்டா என்பதை ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் வாங்குவது.

இரண்டு, இரவுக் காவலை மட்டுமாவது முதலில் 8 மணி நேரமாக்க என்ன செலவு என்று கணக்குப் போட்டு எல்லோருக்கும் அனுப்புவது.

மூன்று, எந்த மாற்றம் வந்தாலும் இப்போது வேலை செய்பவரின் சம்பளம் குறையாது என்று தீர்மானத்திலேயே எழுதுவது.

வேண்டாம் என்று நினைப்பவர்களும் வந்து காரணத்தைச் சொல்லுங்கள். கேட்டு, விவாதித்து, கை தூக்கி முடிவு செய்வதுதானே சபை என்பது. பாரதி பூங்கா எதிரே இருக்கும் சட்டமன்றத்துக்கும் நம் கிளப் ஹவுஸ் கூட்டத்துக்கும் அளவில்தான் வித்தியாசம்.

அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது ரோடியர் ஆலை கேட்டில் பஸ் நின்றால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் கூட இருந்தால், கேட் திறப்பதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடலாம்.

பழைய ஆலைகளில் வேலை செய்தவர்களோ, அவர்களின் பிள்ளைகளோ நம் குடியிருப்பில் இருந்தால் தங்கள் நினைவுகளை அடுத்த இதழுக்கு எழுதித் தரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். எழுத நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நான் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.